வாசலுக்கு வெளியே நின்றவர்கள்



வங்காள மக்கள் விரும்பிப் படித்த எழுத்தாளர்களின் வாழ்வையும் எழுத்தையும் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். வங்காளம் என்றதும் நம் நாவில் முதலில் வரும் பெயர் தாகூர். அடுத்து பங்கிம் சந்திரர். அந்த இருவரையும் வணங்கிவிட்டு மேலே செல்கிறேன். அவர்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். இன்று மாலை உங்களை நான் அழைத்துச் செல்லப் போவது வேறு சிலரிடம். அடுத்த மாதப் பத்திரிகை எப்போது வரும் என்று காத்திருந்த வாசகர்களுக்காக எழுதியவர்களிடம். குமாஸ்தாக்களும், பள்ளிக்கூட வாத்தியார்களும், மதியச் சமையலை முடித்துவிட்டுச் சற்றுக் காலை நீட்டிய பெண்களும் கையில் எடுத்த புத்தகங்களை எழுதியவர்களிடம்.

இவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். த.நா. குமாரசாமி வங்க மொழியைப் படித்து, அந்த நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அ.கி. ஜெயராமன் சரத் சந்திரரைத் தமிழ் வீடுகளில் குடியேற்றினார். பின்னாளில் சு. கிருஷ்ணமூர்த்தி அந்தப் பணியைத் தொடர்ந்தார். படிக்காதவர்களுக்குத் திரைப்படம் இருந்தது. 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த 'தேவதாஸ்' சரத் சந்திரருடைய கதை. 1957இல் வந்த 'எங்கள் வீட்டு மகாலட்சுமி' அவருடைய 'நிஷ்கிருதி' என்ற கதை. 1961இல் பானுமதி நடித்த 'கானல் நீர்' அவருடைய 'படதிதி'. கல்கத்தாவைக் கண்ணால் பார்க்காத நம் பாட்டிமார் வங்காளத்துக் கதைக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

சரி, மக்கள் இந்த எழுத்தாளர்களை ஏன் இவ்வளவு நேசித்தார்கள்? எளிமையாக எழுதினார்கள், அழ வைத்தார்கள், காதலைச் சொன்னார்கள் என்று விடை சொல்வதுண்டு. எனக்கு அந்த விடை போதவில்லை. எளிமையாக எழுதியவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அழ வைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலருடைய பெயர் இன்று வங்காளத்திலேயே யாருக்கும் நினைவில்லை.

என் விடையைச் சொல்கிறேன். அன்றைய வங்காளத்தில் புத்தகம் வாங்கியவர்கள் பெரும்பாலும் 'பத்ரலோக்' என்று அழைக்கப்பட்ட படித்த, மேல்சாதி, நடுத்தர வர்க்கத்தார். யாரை வீட்டுக்குள் விடலாம், யாரை வாசலோடு நிறுத்த வேண்டும் என்பதில் அந்த வீடுகள் மிகக் கறாராக இருந்தன. மறுமணத்தை நினைத்த விதவைக்கு அங்கே இடமில்லை. தாசிக்கு இடமில்லை. தோல் வேலை செய்பவருக்கு, பல்லக்குத் தூக்குபவருக்கு, வலை வீசுபவருக்கு இடமில்லை. அந்த வீட்டு மனிதர்களின் மனத்துக்குள், அவர்கள் வாசலோடு நிறுத்திய மனிதர்களையே அழைத்து வந்து உட்கார வைத்தவர்கள்தான் இந்த எழுத்தாளர்கள். வாசகர்கள் வாழ்க்கையில் யாருக்குக் கதவைச் சாத்தினார்களோ, அவருக்காகவே இரவில் விளக்கடியில் அழுதார்கள். அந்த அழுகையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆகவே ஒவ்வொரு எழுத்தாளரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போகலாம்: இவர் யாரை உள்ளே அழைத்து வந்தார்?

முதலில் சரத் சந்திர சட்டோபாத்தியாயர்.

1876இல் ஹூக்ளி மாவட்டத்தில் தேவானந்தபூர் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை மோதிலால் கதை எழுதுவார், ஆனால் எதையும் முடிக்க மாட்டார். பாதியில் நின்ற அந்தக் கதைகளை மகன் எடுத்துப் படித்து, இதன் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று தூக்கமின்றி யோசித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வறுமை அந்தக் குடும்பத்தைப் பீகாரில் பாகல்பூரிலிருந்த தாய்வழிப் பாட்டன் வீட்டுக்கு விரட்டியது. பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். கல்லூரித் தேர்வுக்குக் கட்டப் பணம் இல்லை. படிப்பு அதோடு நின்றது.

1903இல் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். புறப்படும் சமயத்தில் 'மந்திர்' என்ற கதையைக் கூந்தல் தைலக் கம்பெனி ஒன்று நடத்திய போட்டிக்கு அனுப்பினார். குந்தளின் என்பது அந்தத் தைலத்தின் பெயர். தம் பெயரில் அனுப்பக்கூடத் துணிவில்லாமல், சுரேந்திரநாத் என்ற மாமாவின் பெயரில் அனுப்பினார். அதற்குப் பரிசு கிடைத்தது. பரிசு அறிவிப்பில் அவர் பெயர் இல்லை. 1907இல் 'பாரதி' பத்திரிகையில் 'படதிதி' வெளிவந்தது. கல்கத்தாவில் இருந்த நண்பர்கள் அவருக்குச் சொல்லாமலே கொடுத்துவிட்டார்கள். தொடக்கத்தில் ஆசிரியர் பெயர் போடவில்லை. இவ்வளவு நன்றாக எழுத வேறு யார் இருக்கிறார்கள், தாகூர்தான் மறைவாக எழுதுகிறார் என்று வாசகர்கள் பேசிக்கொண்டார்கள். எழுதியவரோ ரங்கூனில் ஓர் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ரங்கூன் வாழ்க்கையைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அவர் குடியிருந்தது பட்டறைத் தொழிலாளிகளும் மேஸ்திரிகளும் வாழ்ந்த பகுதியில். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார், ஹோமியோபதி மருந்து கொடுப்பார். சாந்தி என்ற ஏழைப் பெண்ணை அவளுடைய தந்தை ஒரு குடிகாரக் கிழவனுக்குக் கட்டி வைக்கப் பார்த்தார். அந்தப் பெண்ணைச் சரத் சந்திரர் மணந்துகொண்டார். ஒரு மகன் பிறந்தான். பிளேக் வந்தது. மனைவியும் போனாள், குழந்தையும் போனது. பின்பு 1912இல் அவர் குடியிருந்த வீடு தீப்பற்றியது. சேர்த்து வைத்த புத்தகங்கள், வரைந்த ஓவியங்கள், 'சரித்திரஹீன்' நாவலின் கையெழுத்துப் பிரதி எல்லாம் சாம்பலாயின. அந்த நாவலை அவர் மீண்டும் முதலிலிருந்து எழுதினார். அது முழு நூலாக 1917இல் வெளிவந்தது.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன்? 'ஸ்ரீகாந்தா' நாவலில் அபயா என்று ஒரு பெண் வருகிறாள். கணவனைத் தேடி பர்மாவுக்குக் கப்பலில் போகிறாள். அங்கே அவன் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான், வந்தவளை அடித்து விரட்டுகிறான். அபயா ஊருக்குத் திரும்பவில்லை. தன்னை மதித்த ரோகிணி என்ற ஆணோடு வாழ்வதாக முடிவு செய்கிறாள். அந்த முடிவுக்காக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நூறாண்டுக்கு முன்பு ஒரு குடும்பக் கதையில் இப்படி ஒரு பெண் நிமிர்ந்து நிற்பது எளிய காரியமா? கல்கத்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் அபயா கிடைத்திருக்க மாட்டாள் என்பது என் துணிபு. ரங்கூன் மேஸ்திரிகளின் குடியிருப்பில்தான் கிடைப்பாள்.

சரத் சந்திரர் யாரை உள்ளே அழைத்து வந்தார்? விதவையை, நாட்டியக்காரியை, விடுதியில் எடுபிடி வேலை செய்யும் சாவித்திரியை அழைத்து வந்தார். சாவித்திரி வரும் 'சரித்திரஹீன்' ஒழுக்கக்கேடு என்று ஒரு பெரிய பத்திரிகை அதை ஏற்க மறுத்தது. ஆனாலும் அவருடைய எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விதவையை உள்ளே அழைத்து வந்தாரே தவிர, அவளுக்கு மணம் செய்து வைக்க அவர் மனம் பெரும்பாலும் தயங்கியது. 'பல்லி சமாஜ்' நாவலின் ரமா கடைசியில் காசிக்குப் போகிறாள். 'தேவதாஸ்' அவருடைய இளமைக்கால எழுத்து. அதை அச்சிட அவரே தயங்கினார். உலகம் அதைத்தான் திரும்பத் திரும்பப் படமாக்குகிறது. என்னைக் கேட்டால் அவரை அறிய 'தேவதாஸ்' சரியான வாசல் இல்லை. 'மகேஷ்' என்ற சிறுகதையில் தொடங்குங்கள்.

கஃபூர் ஓர் ஏழை முஸ்லிம் நெசவாளி. அவனுக்கு ஒரு கிழ எருது. அதற்கு மகேஷ் என்று சிவனுடைய பெயரை வைத்திருக்கிறான். மழை பொய்த்த ஆண்டு. மகளுக்கே சோறில்லை, எருதுக்கு வைக்கோலுக்கு எங்கே போவான்? தன் கூரையிலிருந்து வைக்கோலை உருவிப் போடுகிறான். பசுவைப் புனிதம் என்று போதிக்கும் பண்டிதர் ஒரு கட்டு வைக்கோல் கொடுக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தை ஜமீன்தார் ஏற்கெனவே குத்தகைக்கு விட்டுவிட்டார். மகள் அமினா தொலைவிலிருந்து கொண்டுவந்த குடத்துத் தண்ணீரைத் தாகம் தாளாத எருது முட்டிக் கவிழ்த்துவிடுகிறது. பசியும் காய்ச்சலும் அவமானமும் சேர்ந்து கண்ணை மறைக்க, கஃபூர் கலப்பையை எடுத்து அடித்துவிடுகிறான். மகேஷ் செத்துப் போகிறது. எதை அவன் பிள்ளையாக வளர்த்தானோ அதை அவன் கையாலேயே கொன்றான். அன்றிரவே மகளைக் கூட்டிக்கொண்டு சணல் ஆலை வேலைக்குப் புறப்படுகிறான். வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரங்களை மகள் எடுக்கும்போது, அவை மகேஷுக்கான பிராயச்சித்தத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடச் சொல்கிறான்.

இன்னொரு கதை 'அபாகியின் சொர்க்கம்'. துலே என்ற ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தாய். பணக்கார வீட்டு அம்மாள் ஒருத்தி சிதையில் எரிவதைத் தொலைவில் நின்று பார்க்கிறாள். தன் மகன் தனக்குக் கொள்ளி வைத்தால் தானும் சொர்க்கம் போகலாம் என்பது அவள் ஆசை. அவள் இறக்கிறாள். முற்றத்தில் அவள் கையால் நட்ட மரம் நிற்கிறது. அந்த மரத்தை வெட்ட மகனுக்கு ஜமீனின் அனுமதி கிடைக்கவில்லை. தாயைப் புதைக்க வேண்டியதாகிறது. வாய்க்குக் கொள்ளியாக ஒரு கைப்பிடி வைக்கோல்தான் மிஞ்சுகிறது. அவ்வளவுதான் கதை. படித்துவிட்டு எந்த ஜமீன்தார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்?

எழுத்து வெறும் கண்ணீர் அல்ல என்பது ஆங்கிலேய ஆட்சிக்கும் தெரிந்தது. புரட்சிக்காரர்களைப் பற்றிய அவருடைய 'பதேர் தாபி' 1926இல் நூலாக வந்தது, 1927 தொடக்கத்தில் தடை செய்யப்பட்டது. தடையைக் கண்டிக்கும்படி தாகூரிடம் வேண்டினார். தாகூர் மறுத்துவிட்டார். அந்த வருத்தம் சரத் சந்திரருக்கு ஆறவே இல்லை. 1938 ஜனவரியில் அவர் மறைந்தார். தடை நீங்கியது அதன் பிறகுதான்.

நண்பர்களே, அடுத்து விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர். இவரிடம் சற்று மெல்ல நடக்க வேண்டும். ஏனென்றால் இவர் மெல்ல நடந்தவர்.

1894இல் பிறந்தார். தந்தை மகானந்தர் ஊர் ஊராகச் சென்று புராணக் கதை சொல்பவர். கதை சொல்லிக் கிடைத்த தட்சிணையில் குடும்பம் பிழைத்தது. விபூதிபூஷண் பட்டம் பெற்றார், கிராமத்துப் பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்த்தார். கௌரி என்ற பெண்ணை மணந்தார். ஏறக்குறைய ஓராண்டுக்குள் நோய் அவளைக் கொண்டுபோயிற்று. பிறகு பசுப் பாதுகாப்புச் சபை ஒன்றின் பிரச்சாரகராக ஊர் ஊராகத் திரிந்தார். பிறகு பாகல்பூர்ப் பக்கம் ஒரு ஜமீன் பண்ணையில் நிர்வாகியானார். அங்கே காட்டின் நடுவே இருந்த நாட்களில்தான் தம் கிராமத்தை நினைத்து 'பதேர் பாஞ்சாலி'யை எழுதினார். முதலில் எழுதிய வடிவத்தில் நாயகன் அப்புவின் அக்கா துர்கா இல்லை என்றும், பாகல்பூரில் தலைவிரி கோலமாக நின்ற ஒரு சிறுமியைப் பார்த்த பிறகு, இவள் இல்லாமல் கதை இல்லை என்று முழுவதையும் திருத்தி எழுதினார் என்றும் சொல்வார்கள். துர்கா இல்லாத 'பதேர் பாஞ்சாலி'யை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? 'விசித்ரா' பத்திரிகையில் தொடராக வந்து 1929இல் நூலாயிற்று. சத்யஜித் ராய் அதன் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் இதைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1955இல் படம் வந்தது.

இந்த நாவலில் யாரை உள்ளே அழைத்து வந்தார்? இந்திர் தாக்ருன் என்ற கிழவியை. பல் போன, கூன் விழுந்த, யாருக்கும் வேண்டாத தூரத்து உறவு. அவளைத் துர்காவின் தாய் சர்வஜயா வீட்டை விட்டு விரட்டுகிறாள். சர்வஜயா கொடியவள் அல்லள். அவள் பானையில் அரிசி இல்லை. வறுமை ஒரு நல்ல பெண்ணையும் வாசலைச் சாத்துபவளாக்கும் என்பதை விபூதிபூஷண் குரலை உயர்த்தாமல் சொன்னார். கிழவி அந்த வீட்டுக்கு வெளியே சாகிறாள். கோபத்தோடு எழுதியிருந்தால் நாம் சர்வஜயாவைத் திட்டிவிட்டுத் தப்பித்திருப்போம். அவர் நம்மைத் தப்பவிடவில்லை.

அவருடைய நூல்களில் எனக்கு மிக நெருக்கமானது 'ஆரண்யக்'. சத்யசரண் என்ற படித்த இளைஞன் வேலை தேடி அலைந்து, பீகாரில் ஒரு பெரிய காட்டுப் பண்ணைக்கு மேலாளராகப் போகிறான். காட்டைத் துண்டு போட்டுக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விடுவது அவன் வேலை. முதலில் காடு அவனைப் பயமுறுத்துகிறது. பிறகு மயக்குகிறது. யுகல்பிரசாத் என்று ஒருவன் வருகிறான். எங்கெங்கோ இருந்து காட்டுப் பூச்செடிகளைத் தேடிக் கொண்டுவந்து, யாருக்கும் சொந்தமில்லாத காட்டில் நட்டு வைப்பதே அவன் ஆனந்தம். ஒரு காசு இலாபம் கிடையாது. நாட்டியமாடிப் பிழைக்கும் தாதுரியா என்ற பையன் வருகிறான். நாடு பறிபோன பழங்குடி அரசர் தோப்ரு பன்னாவும், அந்த வம்சத்துப் பெண் பானுமதியும் வருகிறார்கள். இத்தனை பேரையும் நேசிக்கும் சத்யசரண், அதே கையால் அந்தக் காட்டை அழித்து முடிக்கிறான். விபூதிபூஷண் அந்த வேலையைத் தாமே செய்தவர் என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள். அந்தக் குற்ற உணர்வு கற்பனையில் வந்ததல்ல. சுற்றுச்சூழல் என்ற சொல்லே ஊரில் புழங்காத 1930களில் எழுதப்பட்ட புத்தகம் அது.

'ஆதர்ஷ ஹிந்து ஹோட்டல்' என்று இன்னொரு நாவல். ராணாகாட் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருக்கும் ஹாஜாரி என்ற நடுத்தர வயதுக்காரர், எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு, தனக்கென்று ஒரு ஹோட்டல் வைக்கக் கனவு காண்கிறார். வைத்தும் காட்டுகிறார். இலக்கிய விமர்சகர்கள் இதைக் கொஞ்சம் கீழே வைப்பார்கள். மக்கள் இதைக் கைவிடவே இல்லை. நானும் மக்கள் பக்கம்தான். ஒரு மனிதர் தம் கைத்தொழிலில் வைத்திருக்கும் மரியாதையை இவ்வளவு அன்போடு எழுதியவர் சிலரே.

அவர் 1950 நவம்பர் 1 அன்று கட்சிலாவில் காலமானார். கடைசி நாவல் 'இச்சாமதி'க்கு ரவீந்திர விருது கிடைத்தபோது அதைப் பெற்றுக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.

மூன்றாமவர் தாராசங்கர் பந்தோபாத்தியாயர். மற்ற இருவரும் ஏழைகள். இவர் பீர்பூம் மாவட்டம் லாப்பூரில் ஒரு சிறிய ஜமீன்தார் குடும்பத்தில், அந்தக் குடும்பம் சரிந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்தவர். 1930இல் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். தம் சொந்த வர்க்கத்தின் சரிவை ஒளிக்காமல் எழுதினார். ராய் படமாக்கிய 'ஜல்சாகர்' அவருடைய சிறுகதை.

'கணதேவதா' எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஊர்க் கொல்லன் அனிருத்தனும் தச்சன் கிரீஷும் இனி ஊருக்கு வேலை செய்ய மாட்டோம் என்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை அளக்கும் தானியத்துக்காக வேலை செய்வது வழக்கம். அந்தத் தானியமும் ஒழுங்காக வருவதில்லை. அவர்கள் பக்கத்துச் சந்தை ஊரில் காசுக்குக் கடை வைத்துவிட்டார்கள். ஊர் கூடிப் பஞ்சாயத்து வைக்கிறது. போர் இல்லை, கொலை இல்லை. ஒரு கொல்லன் கலப்பைக்கு இரும்பு அடிக்க மறுக்கிறான். அதிலிருந்து பல தலைமுறையாக வந்த கிராம அமைப்பு முழுவதும் விரிசல் விடுவதை அவர் காட்டிவிடுகிறார். படிவேலை பார்த்த தொழிலாளிகளை நம் கிராமங்களிலும் கண்டவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த நாவலுக்காக 1966ஆம் ஆண்டின் ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது.

'கவி' நாவலில், திருட்டுக்குப் பெயர்போன டோம் சாதிக் குடும்பத்தில் பிறந்த நிதாய், மேடையில் பாட்டுக் கட்டும் கவிஞனாகிறான். 'ஹான்சுலி பாங்கேர் உபகதா'வில் பல்லக்குத் தூக்கும் கஹார் மக்கள் வருகிறார்கள். ரயில்வே வேலைக்குப் போகும் இளைஞன் கராலிக்கும் பழைமையைக் காக்கும் தலைவன் பன்வாரிக்கும் நடக்கும் மோதலில், தாராசங்கருடைய மனம் பன்வாரியிடம் இருக்கிறது, கண் கராலியிடம் இருக்கிறது. இழந்ததற்காக வருந்தத் தெரிந்தவர். இழப்பு நியாயம் என்பதும் தெரிந்தவர்.

த.நா. குமாரசாமியின் தமிழில் 'ஆரோக்கிய நிகேதனம்' படித்தவர்கள் ஜீவன் மஷாயை மறக்க மாட்டார்கள். நாடி பிடித்து மரணத்தின் வருகையைச் சொல்லும் கிழ வைத்தியர். சொந்த மகனுடைய நாடியிலும் அதையே கண்டு சொல்கிறார். மகன் இறக்கிறான். மனைவி அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அறிவு ஒரு தந்தைக்கு எவ்வளவு பெரிய தண்டனையாக முடியும்! புதிதாக வந்த ஆங்கில வைத்தியர் பிரத்யோத்தைத் தாராசங்கர் வில்லனாக்கவில்லை. அந்த நியாயம்தான் இந்த நாவலைப் பழைமை பாடும் நூலாகாமல் காத்தது. வங்க நாவல்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

மூன்றாவது பந்தோபாத்தியாயர் மாணிக். இயற்பெயர் பிரபோத் குமார். பெரிய பத்திரிகைகள் புதியவர்களின் கதையைப் போடாது என்று கல்லூரி நண்பர்கள் சொல்ல, போட்டுக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி, 1928இல் முதல் கதையை 'விசித்ரா'வில் வெளியிட வைத்தவர். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கதைக்குப் போட்டார், அதுவே நிலைத்தது. 1936இல் 'பத்மா நதிர் மாஜி'. பத்மா நதியில் இரவெல்லாம் ஹில்சா மீன் பிடிக்கும் குபேர் அதன் நாயகன். செல்வத்தின் கடவுளுடைய பெயர், மறுநாள் சோற்றுக்கு வழியில்லை. மாணிக் அழவைக்க மாட்டார். பசியும் ஆசையும் மனிதனை என்ன செய்யும் என்பதை மருத்துவரின் நிதானத்தோடு எழுதுவார். அவருக்கு வலிப்பு நோய் இருந்தது, வறுமை இருந்தது, எழுத்தைத் தவிர நிலையான பிழைப்பு இல்லை. 1956இல், 48 வயதில் போய்விட்டார். எழுதி மட்டுமே வாழ்வது என்று முடிவு செய்த ஒருவரை வங்காளமும் காப்பாற்றவில்லை என்பதை நாம் மறைக்கக் கூடாது.

மாணிக் வெளியிலிருந்து போய் மீனவரைப் பார்த்தவர். மீனவர் குடியிலிருந்தே ஒருவர் எழுத வந்தார். அவர் அத்வைத மல்லபர்மன். 1914இல் இன்றைய வங்கதேசத்தில் பிராமண்பாரியா அருகே, திதாஸ் நதிக்கரையில், மாலோ என்ற மீனவச் சமூகத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அந்த ஏழை மீனவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி இந்த ஒரு பையனைப் படிக்க வைத்தார்கள். கல்கத்தாவில் பத்திரிகை வேலை. சம்பளத்தில் தம் மக்களுக்கு அனுப்புவார், மிச்சத்தில் புத்தகம் வாங்குவார், தம் வயிற்றைக் கட்டுவார். 'திதாஸ் ஏக்டி நதீர் நாம்' நாவலின் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. மறுபடியும் எழுதினார். காசநோய் 1951இல் 37 வயதில் அவரைக் கொண்டுபோயிற்று. நாவல் 1956இல்தான் நூலாக வந்தது. நதி வற்றுகிறது, அதை நம்பிய ஒரு சமூகமே கலைந்து போகிறது. உள்ளே அழைத்து வர இன்னொருவர் தேவைப்படாமல், வாசலுக்கு வெளியே நின்றவர்களில் ஒருவரே நடந்து உள்ளே வந்த நாவல் அது. 1973இல் ரித்விக் கட்டக் அதைப் படமாக்கினார்.

தாய்மார்களே, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். வெளியே நின்றவர்களைப் பற்றியே பேசுகிறோம். வீட்டுக்குள்ளேயே இருந்தும் உள்ளே இல்லாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களை யார் எழுதினார்?

ஆஷாபூர்ணா தேவி 1909இல் வடக்குக் கல்கத்தாவில் பிறந்தார். பெண் படித்தால் வாயாடியாகிவிடுவாள் என்று நம்பிய பாட்டி, பள்ளிக்கு அனுப்ப விடவில்லை. அண்ணன்மார் வாய்விட்டுப் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து கேட்டே எழுத்துக்களைக் கற்றார். 13 வயதில் ஒரு கவிதையை 'சிசு சாத்தி' என்ற சிறுவர் பத்திரிகைக்கு யாருக்கும் தெரியாமல் அனுப்பினார், வெளிவந்தது. 15 வயதில் திருமணம். பிறகு மாமியார் வீடு, சமையல், பிள்ளைகள், இரவில் எழுத்து. ஒரு நாளும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்தப் பெண் 1976இல் ஞானபீட விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

'பிரதம் பிரதிஸ்ருதி'யைப் புவனா நடராஜன் 'முதல் சபதம்' என்று தமிழாக்கியிருக்கிறார். அதன் நாயகி சத்யவதி, வைத்தியர் ராம்காளியின் மகள். எட்டு வயதிலிருந்தே ஏன், எதற்கு என்று கேட்பவள். எல்லாவற்றையும் பொறுத்தவள், தன் மகள் சுவர்ணாவை மட்டும் படிக்க வைக்க உறுதி கொண்டவள். அவளுக்குத் தெரியாமல் ஒன்பது வயதில் அந்த மகளுக்குத் திருமணத்தை முடித்துவிடுகிறார்கள். சத்யவதி கூச்சலிடவில்லை. அப்படியே திரும்பிக் குடும்பத்தை விட்டுக் காசிக்குப் போகிறாள். சரத் சந்திரரின் ரமாவும் காசிக்குப் போனாள், இவளும் போனாள். இரண்டு பயணமும் ஒன்றா? ரமா தோற்றுப் போனாள். சத்யவதி, தன்னை ஏமாற்றிய வீட்டைத் தானே நிராகரித்துப் போகிறாள். ஓர் ஆண் எழுத்தாளரின் பரிவு நின்ற இடத்திலிருந்து ஒரு பெண் எழுத்தாளரின் நியாயம் தொடங்குகிறது. அடுத்த தலைமுறைக்கு 'சுவர்ணலதா', அதற்கடுத்த தலைமுறைக்கு 'பகுல் கதா'. பாட்டி, தாய், மகள் என்று மூன்று நாவல்கள். அவற்றைப் படித்தவர்கள் அடுப்படியைப் பிறகு வெறும் அடுப்படியாகப் பார்க்க முடியாது.

நிறைவாக மகாஸ்வேதா தேவி. 1926இல் டாக்காவில் பிறந்தவர். 'ஹஜார் சுராஷீர் மா'வைச் சு. கிருஷ்ணமூர்த்தி '1084ன் அம்மா' என்று தமிழில் தந்தார். நக்சல்பாரி இயக்கத்தில் சேர்ந்து கொல்லப்பட்ட மகனின் உடலுக்கு 1084 என்று எண். வசதியான வீட்டுத் தாய் சுஜாதா, செத்த பிறகுதான் தன் மகனை அறியத் தொடங்குகிறாள். 'ஆரண்யேர் அதிகார்' பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் போராட்டத்தைச் சொல்லும் நாவல், 1979இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பழங்குடியினரைப் பற்றி எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அவர்களுக்காக மனு எழுதினார், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அதற்கும் மேலே ஒரு காரியம் செய்தார். தந்தை மணீஷ் கட்டக் நடத்திவந்த 'பர்த்திகா' பத்திரிகையைத் தாம் ஏற்று, விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதும் இடமாக மாற்றினார்.

1980களின் தொடக்கத்தில் ஒரு நாள், ஜாதவ்பூர்ப் பக்கம் அவர் ஏறிய ரிக்ஷாவின் ஓட்டுநர், தாம் படித்த புத்தகத்தில் வந்த ஒரு கடினமான சொல்லுக்குப் பொருள் கேட்டார். கல்லூரிப் பேராசிரியை போலத் தெரிந்ததால் கேட்டார், யாரென்று தெரியாது. பொருள் சொன்ன அம்மையார், இதை எங்கே படித்தாய் என்று விசாரித்தார். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த தலித் குடும்பம், சிறையில்தான் எழுத்துக் கற்றார், கிடைத்ததையெல்லாம் படிக்கிறார் என்று தெரிந்தது. அவர் வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்திருந்த புத்தகமே மகாஸ்வேதா தேவியுடையது. என் பத்திரிகைக்கு நீ எழுது என்றார் அம்மையார். அவர் எழுதினார். ரிக்ஷா ஓட்டுவதைப் பற்றியே எழுதினார். அவர்தான் மனோரஞ்சன் பியாபாரி. அதன் பிறகும் பல்லாண்டு பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே கதைகளும் நாவல்களும் தம் வாழ்க்கை வரலாறும் எழுதினார். 2021இல் பலாகட் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இளைஞர்களே, இந்தப் பெயர்களில் பலவும் நம் நூலகங்களில் தமிழிலேயே இருந்தன. இன்று பல அலமாரிகளில் இல்லை. அட்டை பிரிந்து, கழிவில் போய்விட்டன. 'ஆரோக்கிய நிகேதனம்' இருக்கிறதா, 'முதல் சபதம்' இருக்கிறதா என்று உங்கள் ஊர் நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதிப்பாளருக்கும் செய்தி போகும். வங்க மொழி கற்க யாருக்காவது மனம் இருந்தால் இன்றே தொடங்குங்கள். நேரடியாக வங்கத்திலிருந்து மொழிபெயர்க்கத் தமிழில் ஆள் மிகக் குறைவு. பியாபாரியின் தலைமுறை எழுதிக் குவித்தது எவ்வளவோ அங்கே காத்திருக்கிறது.